ஒற்றுமை வேறு, உறவு வேறு: வில்லி ஹென்னிக்கின் பூச்சியியல்



அறிவியலாளர் ஒருவரின் வாழ்வையும் பணியையும் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். நான் தேர்ந்தெடுத்திருப்பவர் வில்லி ஹென்னிக். 1913இல் பிறந்து 1976இல் மறைந்த ஜெர்மானியர். வாழ்நாளெல்லாம் ஈக்களை ஆராய்ந்தவர். டார்வினையும் மெண்டலையும் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஹென்னிக்கை விலங்கியல் பட்டதாரிகள் பலருக்கே தெரியாது. ஆனால் இன்று எந்த உயிரியல் ஆய்விதழைப் புரட்டினாலும், உயிரினங்கள் கிளை கிளையாகப் பிரிந்து செல்லும் படம் ஒன்று கண்ணில் படும். அந்தப் படத்தை வரைய எதைச் சான்றாகக் கொள்ளலாம், எதைக் கொள்ளக் கூடாது என்று விதி வகுத்தவர் அவர்.

அவருக்கு முன்னும் உயிரினங்களை வகைப்படுத்தினார்கள். ஓர் இனம் எதற்கு உறவு என்ற கேள்வி எழுந்தால், அந்தக் கூட்டத்தை நாற்பது ஆண்டுகள் பார்த்துப் பழகிய நிபுணர் தீர்ப்புச் சொல்வார், மற்றவர்கள் ஏற்பார்கள். ஹென்னிக் அந்தத் தீர்ப்பைக் காரணம் கேட்கக்கூடியதாக ஆக்கினார். ‘எந்தப் பண்பை வைத்துச் சொல்கிறீர்கள்?’ என்று முதலாண்டு மாணவரும் கேட்கலாம், தவறென்று நிறுவவும் செய்யலாம் என்ற நிலை அவரால் வந்தது. இன்று நான் சொல்ல விரும்புவது இந்த ஒன்றைத்தான்.

இளமையும் போரும்

சாக்சனி மாநிலத்தில், செக் எல்லையை ஒட்டிய டூர்ஹென்னர்ஸ்டார்ஃப் என்ற சிற்றூரில் 1913 ஏப்ரல் 20ஆம் நாள் ஹென்னிக் பிறந்தார். தந்தை ரயில்வே தொழிலாளி. தாய் வீட்டு வேலைக்கும் ஆலை வேலைக்கும் போனவர். பள்ளி நாட்களிலேயே டிரெஸ்டன் விலங்கியல் அருங்காட்சியகம் அவருக்கு இரண்டாவது வீடானது. அங்கே பூச்சிப் பிரிவைப் பார்த்துக்கொண்ட ஃபிரிட்ஸ் வான் எம்டன், ஈக்களின் பக்கம் அவரைத் திருப்பினார். 1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும், யூதத் தொடர்பைக் காரணம் காட்டி வான் எம்டனைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். அவர் பின்னர் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்து அங்கே ஆய்வைத் தொடர்ந்தார்.

லைப்சிக் பல்கலைக்கழகத்தில் படித்த ஹென்னிக், 1936இல் ஈக்களின் இனப்பெருக்க உறுப்புகளைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வை முடித்தார். அதே ஆண்டில் டிராக்கோ என்னும் பறக்கும் ஓணான் பேரினம் முழுவதையும் மறு ஆய்வு செய்து ஒரு நூலளவுக் கட்டுரை வெளியிட்டார். அந்தப் பேரினத்தின் ஓர் இனம் நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் மரத்துக்கு மரம் சறுக்கிப் பறக்கிறது. 1937இல் பெர்லினில் இருந்த ஜெர்மன் பூச்சியியல் நிறுவனத்தில் சேர்ந்தார்.

பிறகு போர். ஹிட்லரின் படையில் அவரும் சிப்பாய்; இதை மூடி மறைத்துப் பேச வேண்டியதில்லை. நாஜிக் கட்சியில் அவர் சேரவில்லை. போலந்து, பிரான்ஸ், டென்மார்க், ரஷ்யா என்று அனுப்பப்பட்டு, 1942இல் ரஷ்யப் போர்முனையில் குண்டுச் சிதறல் பட்டுக் காயமடைந்தார். அதற்குப் பின் மலேரியாத் தடுப்பில் பூச்சியியலாளராக இத்தாலிக்குப் போனார். 1945இல் பிரிட்டிஷ் படையிடம் போர்க்கைதியானார். அந்தச் சிறைக் காலத்தில், நூலகமோ பூச்சிப் பெட்டிகளோ பக்கத்தில் இல்லாமல், ஒரு நோட்டுப் புத்தகத்தில் சுமார் 170 பக்கங்களுக்கு ஒரு கோட்பாட்டை எழுதினார். அதுதான் 1950இல் ‘மரபுவழி வகைப்பாட்டியல் கோட்பாட்டின் அடிப்படைகள்’ என்று பொருள்படும் தலைப்பில் ஜெர்மன் மொழி நூலாக வந்தது.

புழுவுக்கு ஒரு வகைப்பாடு, ஈக்கு ஒரு வகைப்பாடு

கோட்பாடுகளை எழுதுகிறவர்களில் பலர் தத்துவத்திலிருந்து தொடங்குவார்கள். ஹென்னிக்கைக் கோட்பாட்டுக்குத் தள்ளியது புழு.

ஈ தன் வாழ்நாளில் இரண்டு உடல்களில் வாழ்கிறது. முதலில் கால் இல்லாத புழு; சேற்றிலோ அழுகும் பழத்திலோ சாணத்திலோ நெளியும். பிறகு கூட்டுப்புழு, பிறகு இறக்கையோடு வெளியே வரும் ஈ. புழுவின் உடலில் உள்ள எதையும் ஈயின் உடலில் பார்த்துக் கண்டுகொள்ள முடியாது. அதனால் ஈக்களை வகைப்படுத்தியவர்கள் ஒரு முறையும், புழுக்களை வகைப்படுத்தியவர்கள் வேறொரு முறையும் வைத்திருந்தார்கள். இரண்டும் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. ஹென்னிக் 1948 முதல் 1952 வரை மூன்று பகுதிகளாக ஈக்களின் புழு வடிவங்களைப் பற்றிப் பெருநூல் ஒன்று வெளியிட்டவர். இந்த முரண் அவர் மேசையில் தினமும் கிடந்தது.

அவர் கேட்ட கேள்வி எளிமையானது. புழுவும் ஈயும் ஒரே உயிர். அதற்குப் பெற்றோர் ஒருவரே, முன்னோர் ஒருவரே. அப்படியானால் உறவு முறை ஒன்றுதானே இருக்க முடியும்? புழுவைப் பார்த்து ஓர் உறவும் ஈயைப் பார்த்து வேறோர் உறவும் கிடைத்தால், இரண்டில் ஒன்றாவது தவறு. தோற்ற ஒற்றுமையை அளந்தால் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு விடை வரும். எல்லாப் பருவங்களுக்கும் பொதுவான ஒரே விடையைத் தருவது வம்ச வரலாறு மட்டுமே. ஆகவே வகைப்பாடு வம்ச வரலாற்றைத்தான் காட்ட வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்.

எந்த ஒற்றுமை சான்றாகும்?

நேராக யாரும் பார்த்திராத வம்ச வரலாற்றை எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கே தமிழ் மாணவர்களுக்குப் பழகிய ஒரு வேலையை நினைவுபடுத்துகிறேன். ஒரு நூலுக்கு ஐந்து ஏட்டுச் சுவடிகள் கிடைக்கின்றன. எது எதிலிருந்து பெயர்த்தெழுதப்பட்டது? ஐந்திலும் சரியாக உள்ள பாடம் இதற்கு உதவாது. அது மூலத்திலேயே இருந்தது, எல்லோருக்கும் வந்திருக்கிறது. ஆனால் இரண்டு சுவடிகளில் மட்டும் ஒரே இடத்தில் ஒரே அடி விடுபட்டிருந்தால், அந்த விடுபாடு நடந்த ஒரு சுவடியிலிருந்து அவை இரண்டும் வந்தவை என்று ஊகிக்கலாம். உறவைக் காட்டுவது பின்னால் நேர்ந்த மாற்றம்.

ஹென்னிக்கின் விதியும் இதே தர்க்கம்தான். ஆதி மூதாதையிடமிருந்து மாறாமல் வந்த பழைய பண்பை அவர் பிளீசியோமார்பி என்றார். இடையில் தோன்றிய புதுப் பண்பு அப்போமார்பி. இரண்டு இனங்கள் ஒரே புதுப் பண்பைப் பகிர்ந்துகொண்டால் அது சினாப்போமார்பி. நெருங்கிய உறவுக்குச் சான்று அது ஒன்றே. பழைய பண்புகள் ஆயிரம் ஒத்திருந்தாலும் அவை எதையும் நிறுவா.

வீட்டு ஈயை எடுத்துக்கொள்வோம். அதற்கு ஆறு கால்கள் இருப்பதால் ஈக் கூட்டத்தில் சேர்த்தோம் என்று சொல்ல முடியாது. ஆறு கால்கள் எல்லாப் பூச்சிகளுக்கும் பொது. அதன் பின் இறக்கைகள் இரண்டும் சிறு குமிழ் முனைக் காம்புகளாகச் சுருங்கி, பறக்கும்போது உடல் சாயாமல் காக்கும் புலன் உறுப்பாக மாறியிருக்கின்றன. கொசுவுக்கும் குதிரை ஈக்கும் பழ ஈக்கும் அது உண்டு. அது ஈக்களின் வம்சத்தில் வந்த புதுமை. இன்னும் உள்ளே போனால், வீட்டு ஈ, பழ ஈ போன்றவற்றின் புழு கூட்டுப்புழு ஆகும்போது கடைசித் தோலைக் கழற்றி எறியாமல் அதையே கெட்டியான ஓடாக்கிக்கொள்கிறது. இது அந்த உட்கிளைக்கு மட்டுமே உரிய புதுமை. புதுமைக்குள் புதுமை, கிளைக்குள் கிளை என்று மரம் விரிகிறது.

ஒரே புதுமை இரண்டு இடங்களில் தனித்தனியாகத் தோன்றாதா என்று கேட்பீர்கள். தோன்றும். ஸ்ட்ரெப்சிப்டெரா என்னும் ஒட்டுண்ணிப் பூச்சிகளின் ஆணுக்கும் குமிழ்க் காம்புகள் உண்டு. ஆனால் அவை முன் இறக்கைகள் சுருங்கி வந்தவை. இத்தகைய சிக்கலுக்கு ஹென்னிக் ஒரு துணை விதி வைத்தார்: தனித்தனித் தோற்றம் என்று முன்கூட்டியே முடிவு கட்டாதே, பிற பண்புகள் மறுக்கும்வரை பொது மூதாதையிடமிருந்து வந்தது என்றே கொள். பின் எல்லாப் பண்புகளையும் சேர்த்துப் பார்க்கும்போது எது ஒத்துவரவில்லையோ, அது தானே வெளிப்படும்.

இறக்கை இல்லாமை என்பது சான்றல்ல

விலங்கியல் படித்த மூத்தவர்களுக்கு ‘ஏப்டெரிகோட்டா’ என்ற வகுப்பு நினைவிருக்கும். இறக்கையில்லாத ஆதிப் பூச்சிகள் என்று இராமபாணப் பூச்சியையும் வில்வாலிகளையும் இன்னும் சிலவற்றையும் ஒரே பெட்டியில் போட்டிருந்தார்கள். ஹென்னிக் அந்தப் பெட்டியைக் கலைத்தார். இறக்கை என்பது பூச்சி வரலாற்றில் பின்னால் வந்த புதுமை. அது வராதிருப்பது பழைய நிலை. இன்னும் கிடைக்காத ஒன்றை வைத்து யாரையும் உறவினர் ஆக்க முடியாது.

பிறகு புத்தக அலமாரியில் ஓடும் இராமபாணப் பூச்சி யாருக்கு உறவு? ஹென்னிக் அதன் தாடையைப் பார்த்தார். வில்வாலியின் தாடை தலையோடு ஒரே ஒரு மூட்டில் இணைகிறது. இராமபாணப் பூச்சியின் தாடைக்கு இரண்டு மூட்டுகள். வெட்டுக்கிளிக்கும் வண்டுக்கும் அப்படியே. இரண்டாவது மூட்டு புதுமை. ஆக, இறக்கையே இல்லாத இராமபாணப் பூச்சி, இறக்கையில்லாத வில்வாலியைவிட இறக்கையுள்ள வெட்டுக்கிளிக்கே நெருங்கிய உறவு. இந்தக் கூட்டத்துக்கு 1953இல் அவர் ‘டைகான்டிலியா’ என்று பெயரிட்டார். அந்தப் பெயர் இன்றும் நிற்கிறது.

அவருடைய சொந்த ஈக்களிலும் இதே கதைதான். நீண்ட உணர்கொம்பு உள்ளவை ஒரு பிரிவு, குட்டையானவை மறு பிரிவு என்று பிரித்திருந்தார்கள். குட்டைக் கொம்பு புதுமை. அந்தப் பிரிவு சரியான வம்சம். நீண்ட கொம்பு பழைய நிலை. கொசு, பூஞ்சணத்தில் வளரும் சிறு ஈக்கள் முதலியவை அடங்கிய அந்தப் பிரிவு, மூதாதையின் வாரிசுகளில் சிலரை வைத்துச் சிலரை விட்டுவிட்ட கூட்டம். அந்தப் பூஞ்சண ஈக்கள் கொசுவைவிட வீட்டு ஈக்கே நெருக்கம் என்பதை மரபணு ஆய்வுகளும் காட்டியுள்ளன.

புதைபடிவங்களுக்கும் இந்த முறை புதுப் பயன் கொடுத்தது. ஒரே மூதாதையிலிருந்து பிரிந்த இரண்டு கிளைகளைச் சகோதரக் குழுக்கள் என்றார் ஹென்னிக். ஒரே கணத்தில் பிரிந்தவை என்பதால் இரண்டுக்கும் வயது ஒன்று. ஒன்றின் படிவம் லெபனான் நாட்டின் பழைய அம்பர் பிசினுக்குள் கிடைத்துவிட்டால், மற்றதன் படிவம் ஒன்றுகூடக் கிடைக்காவிட்டாலும், அதுவும் அந்தக் காலத்தில் இருந்தாக வேண்டும். பால்டிக் அம்பரிலும் லெபனான் அம்பரிலும் சிக்கிய ஈக்களை அவர் விடாமல் ஆராய்ந்தது இதற்காகத்தான். 1969இல் வந்த ‘பூச்சிகளின் வம்ச வரலாறு’ என்ற அவருடைய பெருநூல், பூச்சிக் குலம் முழுவதையும் இந்த அளவுகோலில் நிறுத்திப் பார்த்தது.

சுவருக்கு இப்பால்

போருக்குப் பின் பூச்சியியல் நிறுவனம் கிழக்கு பெர்லினின் ஃபிரீட்ரிக்ஸ்ஹாகன் பகுதியில் இயங்கியது. ஹென்னிக்கின் வீடு மேற்கு பெர்லினில். தினமும் ஓர் ஆட்சியிலிருந்து இன்னோர் ஆட்சிக்குப் போய் ஈக்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். 1961 ஆகஸ்ட் 13ஆம் நாள் பெர்லின் சுவர் எழுந்தது. கிழக்கே குடிபோக அவர் மறுத்தார், வேலை போயிற்று. சிறிது காலம் மேற்கு பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இடைக்காலப் பேராசிரியராக இருந்துவிட்டு, 1963இல் ஸ்டுட்கார்ட் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் லுட்விக்ஸ்பர்க் கிளைக்கு வந்தார். இறுதிவரை அங்கேயே பணிசெய்தார்.

1950 நூல் கடினமான ஜெர்மன் நடையில், புதுப் புதுக் கலைச்சொற்களோடு எழுதப்பட்டது. ஜெர்மன் படிக்காத உலகம் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. நிலைமையை மாற்றியவை 1966இல் வந்த இரண்டு நூல்கள். ஒன்று, ஹென்னிக் திருத்தி எழுதிய கையெழுத்துப்படியின் ஆங்கில மொழிபெயர்ப்பு. இல்லினாய் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. அந்தத் திருத்திய மூலம் ஜெர்மன் மொழியில் அச்சேறியது அவர் இறந்த பிறகு, 1982இல்தான். மற்றொன்று, சுவீடன் நாட்டு லார்ஸ் புருண்டின் எழுதிய நூல். தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மலையோடைகளில் வாழும் கடிக்காத சிறு கொசுவினப் பூச்சிகளை ஹென்னிக்கின் முறையில் ஆராய்ந்த புருண்டின், அவற்றின் உறவுக் கிளைகள் அண்டார்டிகா வழியாக இணைந்திருந்த பழைய தென் கண்டத்தைச் சுட்டுகின்றன என்று காட்டினார். ஓர் ஓடைப் பூச்சியின் உறவுமுறை கண்டங்களின் வரலாற்றைச் சொல்கிறது என்றதும், லண்டனிலும் நியூயார்க்கிலும் இளம் ஆய்வாளர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மீன் புதைபடிவ அறிஞர் காலின் பேட்டர்சன் அவர்களில் ஒருவர்.

மாயரின் மறுப்பு

எதிர்ப்பும் வலுத்தது. அன்றைய பரிணாமவியலின் பெரிய மனிதர் ஹார்வர்டின் எர்ன்ஸ்ட் மாயர். அவரும் ஜெர்மனியில் பிறந்தவர். 1974இல் ஹென்னிக்கின் வகைப்பாட்டை விரிவாக மறுத்து எழுதினார். கிளை பிரிந்த வரிசையைக் கண்டறிய ஹென்னிக் காட்டிய வழி சிறந்தது என்று மாயர் ஒப்புக்கொண்டார். ஆனால் வகைப்பாடு முழுவதையும் அதன்மேல் மட்டும் நிறுத்தினால், பிரிந்த பின் ஒரு கிளை எவ்வளவு தூரம் மாறியது என்பது காணாமல் போய்விடும் என்றார். முதலைக்கு நெருங்கிய உறவு பல்லியல்ல, பறவை. அதற்காகப் பறவையை ஊர்வனவற்றுக்குள் தள்ளுவதா? பறவை வானத்தையே ஆண்டுவிட்டதே!

இந்த வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஹென்னிக் 1975இல் மறுமொழி எழுதினார். என் பார்வையில், மாயரிடம் இல்லாதது ஓர் அளவுகோல். எவ்வளவு மாற்றம் நேர்ந்தால் தனி வகுப்பு தரலாம் என்பதை யார் தீர்மானிப்பது? அங்கே மீண்டும் நிபுணரின் உள்ளுணர்வு நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஹென்னிக்கின் முறையில் கேள்வி ஒன்றுதான், விடையைச் சோதிக்கலாம்.

ஹென்னிக் எல்லாவற்றையும் தனியே கண்டுபிடித்தார் என்று சொன்னால் அது மிகை. டூபிங்கனில் இருந்த தாவரவியலாளர் வால்டர் ஸிம்மர்மன் 1930களிலேயே இதே திசையில் எழுதியிருந்தார். ஹென்னிக் அதை ஏற்றுச் சொல்லியிருக்கிறார். சிதறிக் கிடந்த எண்ணங்களைக் கோவையாக்கி, லட்சத்துக்கும் மேல் இனங்கள் உள்ள ஈக் குலத்தில் இறக்கிச் சோதித்துக் காட்டியது அவருடைய சாதனை. 1974இல் லண்டன் லின்னேயன் கழகம் தங்கப் பதக்கம் தந்தது. 1976 நவம்பர் 5ஆம் நாள், 63 வயதில், மாரடைப்பால் லுட்விக்ஸ்பர்க்கில் காலமானார்.

அவருக்குப் பின்

மழை ஓய்ந்த மாலையில் கரையான் புற்றிலிருந்து கிளம்பும் ஈசலை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கரையானுக்குத் தனி வரிசை என்று பாடநூல்கள் சொல்லிவந்தன. கரையானும் கரப்பானும் சொந்தம் என்ற எண்ணம் பழையது. வட அமெரிக்காவிலும் கிழக்கு ஆசியாவிலும் மட்கிய மரத்துக்குள் குடும்பமாக வாழும் கிரிப்டோசெர்க்கஸ் என்ற கரப்பானின் குடலில், கரையான் குடலில் உள்ளவற்றுக்கு உறவான நுண்ணுயிர்கள் மரத்தைச் செரிக்க உதவுகின்றன. 2007இல் வெளிவந்த ஒரு மரபணு ஆய்வு, கரையான்கள் கரப்பான் கிளைக்கு உள்ளேயே, கிரிப்டோசெர்க்கஸுக்குப் பக்கத்தில் அமர்கின்றன என்று உறுதிசெய்தது. கரையானை வெளியே விட்டுவிட்டால் ‘கரப்பான்’ என்பது அரைகுறைக் குடும்பமாகிவிடும். ஹென்னிக்கின் விதிப்படி தனி வரிசை கலைக்கப்பட்டது. இன்று கரையான் என்பது கூடி வாழக் கற்ற கரப்பான்.

இவை அருங்காட்சியகத்துக்குள் மட்டும் நடக்கும் சண்டைகள் அல்ல. இந்தியாவின் கிராமப்புற மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் கியூலிசிஃபேசிஸ் என்ற கொசு, கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும் ஐந்து இனங்களின் தொகுதி. அதில் ‘பி’ இனம் மலேரியாவை மிக அரிதாகவே பரப்புவது. ஆனால் இராமேசுவரம் தீவில் ‘பி’ போலத் தெரிந்த கொசுக்களில் மலேரியாக் கிருமி இருந்தது. ஆணின் ஒய் குரோமோசோம் வடிவத்தைப் பார்த்தபோது அங்கே வேறோர் இனமும் கலந்திருப்பது புலப்பட்டது. 1999இல் அதற்கு ‘ஈ’ (E) இனம் என்று பெயரிட்டார்கள். தோற்றம் ஒன்று என்று நம்பி இருந்திருந்தால், எந்தக் கொசுவோடு போராடுகிறோம் என்பதே தெரிந்திராது. இந்த இனத்தை ஹென்னிக் அறிந்ததில்லை. ஆனால் ஒற்றுமையைக் கண்டதும் அதைக் கேள்வி கேட்கும் பழக்கத்தை அவரிடமிருந்து நம் துறை நன்றாகவே கற்றிருக்கிறது.

2014இல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து 1,478 மரபணுக்களை ஒப்பிட்டுப் பூச்சிகளின் வம்ச மரம் ஒன்றை ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். பூச்சிகள் தோன்றியது ஏறத்தாழ 48 கோடி ஆண்டுகளுக்கு முன். பறக்கத் தொடங்கியது ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன் என்று கணித்தார்கள். டைகான்டிலியா அந்த மரத்தில் இருக்கிறது. ஹென்னிக் ஆதரித்த வேறொரு கூட்டம் இல்லை. வாயுறுப்புகள் தலைக்குள் மறைந்திருக்கும் மூன்று சிறு கூட்டங்களை, அந்த மறைவைப் புதுமையாகக் கருதி, அவர் ஒரே வம்சம் என்று கொண்டிருந்தார். அவற்றில் டிப்ளூரா என்பது மற்ற இரண்டையும் விட்டு, மற்றப் பூச்சிகளின் பக்கம் நின்றது.

ஆசிரியரின் முடிவு ஒன்றை ஆசிரியர் தந்த அளவுகோலே தள்ளிவிட்டது. அறிவியலில் இதைவிடப் பெரிய வெற்றி ஓர் ஆசிரியருக்கு வாய்ப்பதில்லை என்று நினைக்கிறேன். தன் பெயரால் மட்டுமே நிற்கும் தீர்ப்புகளை விட்டுச் சென்றவர்களை அடுத்த தலைமுறை வணங்கும், அல்லது மறக்கும். ஹென்னிக்கை அடுத்த தலைமுறை பயன்படுத்துகிறது. அவரையே திருத்தவும் அவரைப் பயன்படுத்துகிறது. மாணவ நண்பர்களே, உங்கள் ஆய்வில் எந்தப் பெரியவரின் முடிவை எடுத்தாண்டாலும், அவர் எந்தப் பண்பை வைத்து அதைச் சொன்னார் என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். பெரியவர் வருத்தப்பட்டால் ஹென்னிக் பெயரைச் சொல்லுங்கள்.